நடையும் சீனிக் குறைப்பும்: தொடங்கிய பழக்கத்தை விடாமல் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக்கில் சீனி கூடிவிட்டது என்று சொல்லும் நாளில் எல்லோருக்கும் உறுதி வரும். அன்றைக்கே சப்பாத்து வாங்குவார்கள், சோற்றைப் பாதியாக்குவார்கள், மறுநாள் வெள்ளென எழும்பிக் கல்லடிக் கடற்கரைக்குப் போவார்கள். மூன்றாம் கிழமை பார்த்தால் சப்பாத்து வாசலில் தூசி பிடித்துக் கிடக்கும்.

மட்டக்களப்பில் எங்கள் அயலவர்கள் சிலரோடு சேர்ந்து நடக்கவும் சீனியைக் குறைக்கவும் தொடங்கியபின், புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு மனவுறுதியில் குறைவில்லை. செய்கிற ஒழுங்குதான் மாறிக் கிடக்கிறது. மனம் வந்தால் பழக்கம் வரும் என்று காத்திருக்கிறார்கள். ஏற்பாட்டை முதலில் செய்து, சில கிழமைகள் தடங்கலில்லாமல் ஓடவிட்டால் மனம் தானாகப் பின்னால் வருகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நடையையும் சீனியையும் உதாரணமாக எடுத்திருக்கிறேன். நேரத்துக்கு நித்திரை, உப்புக் குறைப்பு, வெற்றிலையை விடுவது எதற்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை: தையல் அளவுநாடா ஒன்று, சுவரில் தொங்கும் கலண்டர், அதன் பக்கத்தில் கட்டிய பேனை, சரியான தேக்கரண்டி ஒன்று, பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது சப்பாத்து. புதிதாக வாங்கவேண்டியது பெரும்பாலும் எதுவும் இராது. சப்பாத்துக் கடைக்குப் போவதை முதல் வேலையாக வைக்காதீர்கள். காசு செலவழித்ததே பாதி வேலை முடிந்தமாதிரி ஒரு திருப்தியைத் தந்துவிடும்.

1. முதலில் அளவெடுங்கள்

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தொடங்கினால், முன்னேறினோமா என்று சொல்ல ஒரு வழியும் இராது. முன்னேற்றம் கண்ணில் படாத இடத்தில்தான் உற்சாகம் முதலில் வடியும்.

அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்த சீனி, பிரசர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் கிட்ட எங்கே என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். வெறுவயிற்றில் எடுக்கும் சீனி (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்) 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள். வெறுவயிறு என்றால் குறைந்தது 8 மணித்தியாலம் பச்சைத் தண்ணியைத் தவிர வேறு எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருப்பது. "ஒரு வெறுந்தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்சன்" என்று போய் நிற்பவர்கள் ஏராளம். அந்தக் கணக்கு பிழைத்துப்போகும்.

வீட்டில் இடுப்பளவை எடுங்கள். தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எச்சரிக்கைக் கோடு. மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சாப்பிடுமுன் அளவெடுங்கள். தினமும் தராசில் ஏறவேண்டாம். நிறை ஒரே நாளுக்குள் ஒரு கிலோ ஏறி இறங்கும். அதைப் பார்த்து மனம் சோர்ந்தவர்களே அதிகம்.

இன்சுலின் போடுபவர்கள், சீனிக்கு மாத்திரை குடிப்பவர்கள், நெஞ்சுநோ வந்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. சாப்பாட்டைக் குறைத்து, நடையைக் கூட்டி, மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் இரத்த சீனி சடுதியாக இறங்கிவிடலாம்.

2. ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்

தைப்பொங்கலுக்கோ சித்திரை வருசத்துக்கோ ஒரேயடியாக ஐந்து தீர்மானம் எடுப்பவர்கள் ஐந்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு புதிய வேலையும் ஆரம்பத்தில் நினைவையும் கவனத்தையும் கேட்கும். அவை ஓரளவுக்கு மேல் யாரிடமும் இல்லை.

எதை முதலில் எடுப்பது? முழங்கால் நோ உள்ளவர்களும், வீட்டை விட்டு வெளியே போக நேரமில்லாதவர்களும் சீனியில் தொடங்கட்டும். அது குசினிக்குள்ளேயே முடிகிற வேலை. நாள் முழுக்க மேசையிலோ கடைக் கல்லாவிலோ இருப்பவர்கள் நடையில் தொடங்கட்டும். மற்றதை எப்போது சேர்ப்பது என்று பதினோராம் படியில் வரும்.

3. வெட்கப்படுமளவுக்குச் சிறிதாக்குங்கள்

நடை என்றால் முதல் இரண்டு கிழமைக்கு 10 நிமிடம் போதும். "பத்து நிமிசம் நடந்து என்னத்தக் காணப்போறம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தப் பத்து நிமிடம் உடம்புக்காக வைத்ததல்ல. அந்த நேரத்தில் வீட்டை விட்டு இறங்குவதைப் பழக்குவதற்காக வைத்தது. இறங்கப் பழகிய ஆளுக்கு நேரத்தைக் கூட்டுவது கடினமில்லை.

சேரவேண்டிய இலக்கு கிழமைக்கு 150 நிமிடம். அதாவது 30 நிமிடப்படி ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரே மூச்சில் நடக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. காலையில் பத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, பின்னேரம் பத்து என்று பிரித்தாலும் கணக்கில் சேரும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் 5 நிமிடம் கூட்டுங்கள். கதைக்க முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

முதல் நாளே கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்துவிட்டு, அடுத்த நான்கு நாள் கால்நோவில் படுப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. முதல் இரண்டு கிழமையில் உடம்பு இடங்கொடுத்தாலும் நேரத்தைக் கூட்டாதீர்கள்.

4. ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது நடப்பன்" என்பவருக்கு நேரம் கிடைக்காது. நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையைப் பிடித்து, அதன் பின்னால் புதியதை வையுங்கள். பிள்ளைகளை ஸ்கூல் வானில் ஏற்றிவிட்ட கையோடு வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே நடப்பது, சுபஹுத் தொழுகை முடிந்து வரும் வழியில் ஒரு தெரு கூடச் சுற்றுவது, பின்னேரம் கோயில் மணி கேட்டதும் செருப்பைப் போடுவது. எங்களோடு நடக்கும் ஒருவருக்கு மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோதான் மணி. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் மீன் பணிஸ் வாங்க வாசலுக்கு வருவார். இப்போது அதே சத்தத்துக்கு நடக்க இறங்குகிறார்.

முடிச்சை ஒரே வசனமாக எழுதி வையுங்கள்: "வான் போனதும், வைரவர் கோயில் மட்டும் போய் வருவன்." நேரமும் இடமும் அதற்குள் இருக்கவேண்டும். இடத்தைக் குறிக்காவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று யோசித்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் "மறுகா பாப்பம்" வந்துவிடும்.

5. முதல் நாள் இரவே ஆயத்தம்

செருப்பை வாசலில், போகும் பக்கம் பார்த்து வையுங்கள். உடுப்பை எடுத்து வையுங்கள். வீட்டுத் திறப்பு, ஒரு கைலேஞ்சி, தண்ணிப் போத்தல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வெள்ளென எழும்பும்போது மூளை பாதி நித்திரையில் இருக்கும். திறப்பைத் தேடும் வேலையே திரும்பப் படுக்கப் போதுமான காரணமாகிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காலை நடை சரிவராது. அவர்கள் பின்னேரத்தையே எடுக்கட்டும்.

6. சீனி: கரண்டியிலிருந்து தொடங்குங்கள்

இதில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்களில் சீனி பெரும்பாலும் இனிப்புப் பண்டத்தால் வருவதில்லை, தேத்தண்ணியால் வருகிறது.

முதலில் உங்கள் சீனிப் போத்தலுக்குள் எந்தக் கரண்டி கிடக்கிறது என்று பாருங்கள். எங்கள் அயலில் ஒரு மாமி, "நான் ரெண்டு கரண்டிதான் போடுறன் மனே" என்று உறுதியாகச் சொன்னார். போத்தலைத் திறந்தால் உள்ளே இருந்தது பாயாசம் குடிக்கிற கரண்டி. குவித்து அள்ளிய அந்த ஒரு கரண்டிச் சீனியை ஒரு கடதாசியில் கொட்டி, தேக்கரண்டியால் மட்டமாக வழித்து அள்ளினோம். இரண்டு தேக்கரண்டிக்கு மேலேயே வந்தது. ஆக ஒரு கோப்பைக்கு நான்கு. நாளைக்கு ஐந்து கோப்பை. இருபது தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம் என்று வைத்தாலும் 80 கிராம் சீனி, தேத்தண்ணியால் மட்டும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லும் உச்ச எல்லை நாளைக்கு 50 கிராம் அளவு. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. மாமி கடதாசியையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதல் கிழமை எதையும் குறைக்காதீர்கள், கரண்டியை மட்டும் மாற்றுங்கள். பெரிய கரண்டியை எடுத்துவிட்டுத் தேக்கரண்டியைப் போடுங்கள். கத்தியின் முதுகால் மட்டமாக வழித்துப் போடப் பழகுங்கள். கோப்பைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை கோப்பை என்று கலண்டரில் எழுதுங்கள்.

அதன்பின் இரண்டு கிழமைக்கு ஒருதரம் கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தேத்தண்ணி கைப்பாகத் தெரியும், நாலாம் நாள் பழைய அளவுக்கே திரும்பிவிடுவீர்கள். மெல்லக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். சில மாதம் கழித்துப் பழைய இனிப்பில் ஒரு கோப்பை கிடைத்தால் உங்களுக்கே திகட்டும்.

சாயத்தை முன்னையதைவிட மெல்லியதாக ஊற்றுங்கள். கடும் சாயத்தின் துவர்ப்பை மறைக்கத்தான் பாதிச் சீனி போகிறது. இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

இனி, வழமையான பிழைகள். சீனியை விட்டுவிட்டுப் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பது. பனங்கட்டி, சர்க்கரை, கித்துள் பாணி எல்லாம் இரத்தத்தில் ஏறும்போது சீனிதான். ரின்பாலில் ஊற்றிய தேத்தண்ணியில் "சீனி போடயில்ல" என்பது இன்னொன்று. ரின்பாலிலேயே சீனி நிறைய இருக்கிறது. தேத்தண்ணியில் குறைத்துவிட்டு, பசிக்கிறது என்று கிறீம் பிஸ்கட்டுக்குப் போவதும் உண்டு. அந்த நேரத்துக்கு அவித்த கடலையோ கௌபியோ கையில் இருக்கட்டும். போத்தல் பானம் வாங்கினால் அதில் ஒட்டியிருக்கும் வர்ணக் குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம், செம்மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. குறும்பை வெட்டிக் குடிக்கக்கூடிய ஊரில் சிவப்புக் குறிப் போத்தலுக்குக் காசு கொடுப்பது எனக்கு மெய்யாகவே கவலை.

7. கச்சான் காற்றுக்கும் மாரி மழைக்கும் முன்கூட்டியே திட்டம்

எங்கள் பகுதியில் நடைப் பழக்கம் அறுந்துபோவது வருடத்தில் இரண்டு இடத்தில். வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒன்று. ஐப்பசி பிறந்து மாரி இறங்கும்போது மற்றது. இரண்டும் வருடந்தோறும் வரும் என்று தெரிந்தும், வந்தபின்தான் யோசிக்கிறோம்.

கச்சான் காலத்தில் காலை ஏழு மணிக்குப் பின்னும் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னும் நடக்கவேண்டாம். வறண்ட சூட்டுக் காற்று வேர்வையை உடனே காயவைத்துவிடும். உடம்பில் தண்ணி குறைவது தெரியாமலே தலைச்சுற்று வரும். புறப்படுமுன் ஒரு கிளாஸ் தண்ணி, வந்தபின் ஒன்று. வாவிக்கரைப் பக்கம், காந்தி பூங்கா மாதிரியான இடங்கள், பொழுது சாய்ந்தபின் நல்லது. கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடக்க ஆசை வரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைச் செய்யக்கூடாது. காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் சிப்பி வெட்டியது, சூடு பட்டது தெரியாமலே புண்ணாகிவிடும்.

மாரிக்கு "மழைநாள் வடிவம்" ஒன்றை இப்போதே எழுதுங்கள். விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம். விறாந்தை இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி மிதிப்பது. அதோடு கைபிடிக்காமல் கதிரையில் இருந்து எழும்புவது பத்துத் தடவை. கதிரைப் பயிற்சி தொடைத் தசைக்குப் பலம் தரும் என்பதால் வெயில் நாளிலும் கிழமைக்கு இரண்டு தடவை செய்யலாம். மழைநாளில் செய்தது குறைவாக இருந்தாலும் கலண்டரில் கோடு விழவேண்டும். இரண்டு கிழமை அடைமழையில் பழக்கம் அறுந்தால், தண்ணி வற்றியபின் திரும்பத் தொடங்குவது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

வழியையும் பாருங்கள். நாய்த் தொல்லை உள்ள ஒழுங்கையால் இருட்டில் தனியே போகாதீர்கள். ஒருமுறை வெருண்டவர் மறுநாள் வரமாட்டார். படுவான்கரைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் விடியுமுன் றோட்டில் இறங்கவே வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்தபின், ஆட்களோடு, அல்லது சொந்த வளவுக்குள்ளேயே சுற்றி நடங்கள். வளவைப் பத்துச் சுற்றுச் சுற்றுவதும் நடைதான்.

சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர்கள் சட்டைப்பையில் கொஞ்சம் சீனியோ குளுக்கோசோ வைத்திருங்கள். கை நடுக்கம், திடீர் வேர்வை, அடங்காத பசி, தடுமாற்றம் வந்தால் இருந்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலம் பாருங்கள். நெஞ்சு இறுகினால், நோ கைக்குப் பரவினால், நடையை நிறுத்தி 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

8. வீட்டாரிடமும் போகிற வீட்டிலும் முன்கூட்டியே சொல்லுங்கள்

ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வராமல் இராது. ஊற்றிக் கொண்டுவந்து கையில் தந்தபின் வேண்டாம் என்றால் மனம் நோகும். ஆகவே கதிரையில் இருந்த உடனேயே, அவர் குசினிப் பக்கம் திரும்புமுன், சொல்லுங்கள்: "மாமி, எனக்குச் சீனி போடாமத் தாங்க." வேண்டாம் என்பதைவிட இப்படித் தாங்க என்று கேட்பது இரண்டு பேருக்கும் இலகு. இரண்டு மூன்று தரம் சொன்னால் அந்த வீட்டில் அதுவே உங்கள் வழமையாகிவிடும்.

வீட்டில் சமைப்பவர் வேறு ஆளாக இருந்தால் அவரைச் சேர்க்காமல் எதுவும் நடக்காது. எனக்குத் தனியாகச் சமை என்று அம்மாவிடமோ மனைவியிடமோ சொல்வது இரட்டைச் சுமை. ஒரு கிழமையில் அவர் களைத்துவிடுவார். சட்டியை மாற்றாதீர்கள், சாப்பாட்டுத் தட்டில் போடும் ஒழுங்கை மாற்றுங்கள். கீரைச் சுண்டலும் மரக்கறியும் தட்டில் பாதி, மீனோ பருப்போ கால், சோறு கால். மரக்கறியை முதலில் போட்டு, சோற்றைக் கடைசியில் போட்டால் இடம் தானே குறையும்.

அம்மன் கோயில் சடங்கு, கலியாணவீடு, பெருநாள் போன்ற நாட்களில் கட்டுப்பாட்டுக்குச் சண்டை பிடிக்கவேண்டாம். அளவாகச் சாப்பிட்டு, நடையை மட்டும் விடாமல் பாருங்கள். நோன்பு மாதத்தில் நடையை நோன்பு திறந்தபின் மாற்றலாம்; மருந்தெடுப்பவர்கள் நோன்பு தொடங்குமுன்னரே வைத்தியரைக் காணவேண்டும்.

9. செய்ததைக் குறியுங்கள், நாளை எண்ணிக் காத்திராதீர்கள்

சுவர்க் கலண்டரில் செய்த நாளுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். போன் செயலியைவிடக் கலண்டர் நல்லது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும், பேரப்பிள்ளை "அம்மம்மா இன்டைக்குக் கோடு போடல்ல" என்று கேட்கும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று போனில் வரும் பேச்சை நம்பி, 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டவர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை 84 நாள் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கத் தொடங்குவதற்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். தண்ணி குடிப்பது போன்ற இலகுவானவை வேகமாகப் பழகின, உடற்பயிற்சி மெதுவாகப் பழகியது. ஆகவே இரண்டு மாதம் கழிந்தும் நடைக்கு இறங்கப் பஞ்சியாக இருந்தால் உங்களில் பிழையில்லை.

10. விடுபட்ட நாளுக்கு ஒரே விதி

ஒரு நாள் விடுபடும். காய்ச்சல் வரும், செத்தவீடு வரும். அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆபத்து இரண்டாம் நாளில் இருக்கிறது. எனவே விதி இது: தொடர்ந்து இரண்டு நாள் விடுவதில்லை. விட்டதைப் பிடிக்க மறுநாள் இரட்டிப்பாக நடக்கவும் வேண்டாம்; அது தண்டனையாகி நடைமேலேயே வெறுப்பு வரும். வழமையான அளவு, அல்லது மழைநாள் வடிவம், போதும்.

ஒரு கிழமைக்கு மேல் அறுந்துவிட்டால் பழைய 30 நிமிடத்துக்குத் திரும்பாதீர்கள். மூன்றாம் படிக்குப் போய் 10 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தடவை ஏறுவது விரைவாகவே நடக்கும்.

கூட ஒரு ஆள் இருந்தால் இந்த இடத்தில் பெரிய உதவி. ஆனால் அவர் வராத நாளில் நீங்களும் நிற்பீர்கள் என்றால் அது துணையில்லை. "நீங்க வராட்டியும் நான் போவன், நான் வராட்டியும் நீங்க போங்க" என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

11. அடுத்த பழக்கத்தை எப்போது சேர்ப்பது

கலண்டரைப் பாருங்கள். கடந்த நான்கு கிழமையில் கிழமைக்கு ஐந்து கோட்டுக்குக் குறையாமல் விழுந்திருந்தால், அதுவும் யாரும் ஞாபகப்படுத்தாமல் நடந்திருந்தால், அடுத்ததைத் தொடங்கலாம். நடையில் தொடங்கியவர் சீனிக் கரண்டிக்கு வரட்டும், சீனியில் தொடங்கியவர் பத்து நிமிட நடைக்கு வரட்டும். கோடுகள் அதைவிடக் குறைவு என்றால் இன்னொரு மாதம் பொறுங்கள். முடிச்சுப் போட்ட நேரம் சரியில்லையா, வழி சரியில்லையா என்று நாலாம் படியையும் ஏழாம் படியையும் மட்டும் திருத்திப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே நிலையத்தில், அதே வெறுவயிற்றில், சீனியையும் பிரசரையும் திரும்பப் பாருங்கள். இடுப்பளவு மாதாமாதம் எழுதியது இருக்கும். அந்தத் துண்டுகளை வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் சொல்லவேண்டும். இலக்கம் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.